எழுவாய் இல்லாத ஒரு வாக்கியம்: 1876 அமெரிக்க அதிபர் தேர்தல்

1876 நவம்பர் 7, தேர்தல் நாள் இரவு. நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் இருந்த குடியரசுக் கட்சித் தலைமையகத்தில் ஆள் நடமாட்டம் ஓய்ந்துவிட்டது. கட்சித் தலைவர் சக்கரியா சாண்ட்லர் படுக்கப் போய்விட்டார். ஒஹையோவில் வேட்பாளர் ரூதர்ஃபோர்டு ஹேய்ஸும் தோற்றுவிட்டோம் என்ற நினைப்போடுதான் தூங்கப் போனார். நள்ளிரவு நெருங்கும்போது, நாடகம் பார்த்து, இரவு உணவையும் முடித்துக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் அங்கே எட்டிப் பார்த்தார். பெயர் டேனியல் சிக்கிள்ஸ். கெட்டிஸ்பர்க் போரில் வலது காலை இழந்த தளபதி. உள்ளே ஒரு குமாஸ்தா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். சிக்கிள்ஸ் மேசையில் குவிந்து கிடந்த தந்திகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தார். பிறகு, தூங்கிக்கொண்டிருந்த சாண்ட்லரின் பெயரைப் போட்டே நான்கு மாநிலங்களுக்குத் தந்தி அனுப்பினார்: தென் கரோலினா, லூசியானா, ஃப்ளோரிடா, ஆரிகன். செய்தி சுருக்கம்தான். உங்கள் மாநிலம் ஹேய்ஸுக்கு உறுதி என்றால் அவர் வென்றாயிற்று. மாநிலத்தைப் பிடியில் வைத்திருங்கள்.

இது சிக்கிள்ஸ் பின்னாளில் தானே சொன்ன கதை. கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்தத் தந்தியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. வாக்குப்பதிவு முடிந்து, வாக்களித்தவர்கள் வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்த பிறகு, எதைப் பிடியில் வைத்திருப்பது? போட்டுவிட்ட வாக்கை இனி யாரும் மாற்றிப் போட முடியாது. மிச்சம் இருந்தது எண்ணும் வேலை மட்டும். அடுத்த நான்கு மாதங்கள் அமெரிக்கா அந்த ஒரு வேலையைச் சுற்றித்தான் உருண்டது.

மக்கள் வாக்கு, தேர்வாளர் வாக்கு

கணக்கை முதலில் வைத்துவிடுவோம். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், நியூயார்க் ஆளுநர் சாமுவேல் டில்டன். அவருக்கு ஏறக்குறைய 43 லட்சம் வாக்குகள். ஹேய்ஸுக்கு ஏறக்குறைய 40 லட்சம். வித்தியாசம் சுமார் இரண்டரை லட்சம். சதவீதத்தில் சொன்னால் 51க்கு 48. வாக்குரிமை பெற்றவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்த தேர்தல் அது. அமெரிக்க அதிபர் தேர்தல் வரலாற்றிலேயே மிக உயர்ந்த பங்கேற்பு. மக்கள் வாக்கில் பின்தங்கியவர் அதிபரானது அதற்கு முன்னும் பின்னும் நடந்திருக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் வாக்கு வாங்கிய ஒருவர் தோற்றது இந்த ஒரு முறைதான்.

ஏனென்றால் அமெரிக்காவில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் சட்டப்படி வாக்காளர்கள் அல்லர், தேர்வாளர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் செனட்டில் இருக்கும் இரண்டு இடங்களையும் பிரதிநிதிகள் சபையில் இருக்கும் இடங்களையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உண்டு. அவர்கள் எந்த முறையில் நியமிக்கப்பட வேண்டும் என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கும் என்று அரசமைப்புச் சட்டம் விட்டுவிட்டது. 1876இல் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் மக்கள் வாக்களித்துத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலத்தில் முந்தியவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமாகப் போனார்கள். ஒரு மாநிலத்தில் ஒரு லட்சம் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் நூறு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் பலன் ஒன்றுதான். மாநில எல்லைக்கு வெளியே அந்த உபரி வாக்குகளுக்கு மதிப்பில்லை.

தேர்வாளர்கள் ஒரே ஊரில் கூடுவதும் இல்லை. 1876 டிசம்பர் 6 அன்று அவரவர் மாநிலத்தில் கூடி வாக்களித்தார்கள். அந்தப் பட்டியலில் கையெழுத்திட்டு, முத்திரை வைத்து, உறையில் போட்டு, வாஷிங்டனில் செனட்டின் தலைவருக்கு அனுப்பி வைத்தார்கள். தேர்தலின் சட்டபூர்வமான முடிவு அந்த உறைக்குள் இருக்கும் காகிதம்தான்.

அப்போது 38 மாநிலங்கள், 369 தேர்வாளர்கள். வெற்றிக்கு 185 வேண்டும். டில்டன் கையில் தகராறு இல்லாத 184 இருந்தது. ஹேய்ஸ் கையில் 165. மீதி 20 வாக்குகள் சிக்கிள்ஸ் தந்தி அடித்த நான்கு மாநிலங்களில் இருந்தன: லூசியானா 8, தென் கரோலினா 7, ஃப்ளோரிடா 4, ஆரிகனில் ஒன்று. டில்டனுக்கு இருபதில் ஒன்று போதும். ஹேய்ஸுக்கு இருபதும் வேண்டும்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் மாநிலம் ஒன்று உண்டு: கொலராடோ. 1876 ஆகஸ்ட் 1 அன்றுதான் அது மாநிலமானது. தேர்தலுக்கு மூன்றே மாதம் இருந்ததால், அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு நடத்தாமல் சட்டமன்றமே மூன்று தேர்வாளர்களை நியமித்தது. மூவரும் ஹேய்ஸின் ஆட்கள். கொலராடோ ஓராண்டு தாமதமாகச் சேர்ந்திருந்தால் மொத்தம் 366 ஆகியிருக்கும், பெரும்பான்மைக்கு 184 போதும். டில்டனிடம் 184 இருந்தது. இருபதையும் ஹேய்ஸுக்குத் தாரை வார்த்திருந்தாலும் டில்டன்தான் அதிபர். இரண்டரை லட்சம் வாக்கு முன்னிலைக்கு வேலை இல்லாத இடத்தில், ஒரு வாக்குச் சீட்டுகூட விழாத மூன்று இடங்கள் நாட்டின் தலைவிதியைச் சுமந்தன. இதைப் பற்றி அப்போது யாரும் வழக்காடவில்லை. சட்டப்படி எந்தக் குறையும் இல்லை என்பதால்.

தெற்கில் நடந்தது

தென் மாநிலங்கள் மூன்றிலும் இரண்டு அநியாயங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருந்தன. ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் ஏதோ ஒரு கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உள்நாட்டுப் போர் முடிந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்திருந்தது; அவர்கள் பெரும்பாலும் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்தார்கள். அந்த வாக்கைத் தடுக்க ஜனநாயகக் கட்சிக்காரர்கள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். 1876 ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்ற சிற்றூரில் கறுப்பின ஊர்க்காவல் படையினர் சுற்றி வளைக்கப்பட்டனர். பிடிபட்டவர்களில் சிலரை நிற்க வைத்துச் சுட்டார்கள். சிவப்புச் சட்டை அணிந்த குதிரைப் படைகள் குடியரசுக் கட்சியின் கூட்டங்களைக் கலைத்தன. இன்னொரு பக்கம் சீட்டு மோசடி. அரசு அச்சடித்த பொதுவான வாக்குச் சீட்டு அந்தக் காலத்தில் கிடையாது. ஒவ்வொரு கட்சியும் தன் தேர்வாளர்களின் பெயர்களை அச்சடித்த சீட்டைத் தானே விநியோகிக்கும். வாக்காளர் அதை வாங்கிப் பெட்டியில் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் சீட்டில் இருக்கும் சின்னத்தைப் பார்த்துத்தான் அடையாளம் காண்பார். எதிர்க்கட்சியின் சின்னத்தைப் போட்டுத் தன் ஆட்களின் பெயரை அச்சடித்தால் முடிந்தது கதை. தென் கரோலினாவில் பதிவான வாக்குகள், வாக்களிக்கத் தகுதியுள்ளோர் எண்ணிக்கையையே தாண்டிவிட்டன. எந்தக் கட்சி எவ்வளவு திணித்தது என்று பிரித்துச் சொல்வது வீண் வேலை.

அடுத்த அநியாயம் எண்ணும் மேசையில். மூன்று மாநிலங்களிலும் வாக்குச் சரிபார்ப்பு வாரியம் குடியரசுக் கட்சியின் பிடியில் இருந்தது. வன்முறையோ மிரட்டலோ நடந்ததாகக் கருதினால் ஒரு பகுதியின் வாக்குகளை மொத்தமாகத் தள்ளிவிடும் அதிகாரம் லூசியானா வாரியத்துக்கு இருந்தது. சட்டப்படி ஐந்து பேர் இருக்க வேண்டும். எதிர்க்கட்சிக்கும் இடம் தர வேண்டும். நடப்பில் நான்கு பேர், நால்வரும் ஒரே கட்சி, ஐந்தாவது நாற்காலி காலி. தலைவர் மேடிசன் வெல்ஸ், மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். முதல் கணக்கில் டில்டனின் தேர்வாளர்கள் ஆறாயிரத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தார்கள். வாரியம் ஏறக்குறைய 15,000 வாக்குகளைத் தள்ளுபடி செய்தது. அவற்றில் சுமார் 13,000 டில்டனுக்கு விழுந்தவை. கதவு திறந்தபோது ஹேய்ஸ் மூவாயிரத்துக்கும் மேல் முன்னிலை பெற்றிருந்தார்.

தள்ளப்பட்ட பகுதிகளில் வன்முறை நடக்கவில்லையா? பலவற்றில் நடந்தது. சுதந்திரமான வாக்குப்பதிவு நடந்திருந்தால் லூசியானாவும் தென் கரோலினாவும் ஹேய்ஸுக்கே போயிருக்கும்; மிசிசிப்பியும்கூடப் போயிருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அப்படியானால் டில்டனின் இரண்டரை லட்சம் முன்னிலையும் தூய்மையான எண் அல்ல. ஒரு பக்கம் வாக்காளர்களைத் துரத்தியது, மறுபக்கம் வாக்குகளைத் துரத்தியது. பெட்டிக்குள் விழாத வாக்கை யாரும் எண்ணிக் காட்ட முடியாது. பெட்டிக்குள் விழுந்து தூக்கி எறியப்பட்ட வாக்குக்குக் கணக்கு இருக்கிறது. அதனால்தான் இரண்டாவது அநியாயம் அதிக வெளிச்சம் பெற்றது.

தபால் அதிகாரி வாட்ஸ்

ஆரிகனில் ரத்தம் இல்லை, கோமாளித்தனம் உண்டு. அங்கே ஹேய்ஸ் ஏறக்குறைய ஆயிரம் வாக்கில் ஜெயித்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய மூன்று தேர்வாளர்களில் ஒருவரான ஜான் வாட்ஸ், லாஃபாயெட் என்ற சிற்றூரின் தபால் நிலைய அதிகாரி. மத்திய அரசில் பொறுப்போ ஊதியமோ உள்ள பதவி வகிப்பவர் தேர்வாளராக இருக்கக்கூடாது என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. ஒரு சின்ன ஊரின் தபால் வேலைதான்; ஆனாலும் மத்திய அரசு வேலை.

ஆளுநர் லாஃபாயெட் க்ரோவர் ஜனநாயகக் கட்சிக்காரர். வாட்ஸின் தேர்வு செல்லாது, அடுத்தபடியாக வாக்குப் பெற்ற க்ரோனின் என்ற டில்டன் ஆதரவாளரே தேர்வாளர் என்று சான்றிதழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டில்டனுக்குத் தேவையான அந்த ஒற்றை வாக்கு! வாட்ஸ் தபால் வேலையையும் விட்டார், தேர்வாளர் பொறுப்பையும் விட்டார். காலியான இடத்துக்கு மற்ற இரு தேர்வாளர்களும் அதே வாட்ஸை நியமித்தார்கள். க்ரோனின் கையில் ஆளுநரின் சான்றிதழ் இருந்தது; ஆனால் மற்ற இருவர் அவரோடு சேர்ந்து உட்கார மறுத்தார்கள். அவர்கள் இடம் காலி என்று அறிவித்து, க்ரோனின் தானே இரண்டு பேரை நியமித்துக்கொண்டார். நியாயத்துக்குப் பயந்த கையோடு ஹேய்ஸுக்கு இரண்டு, டில்டனுக்கு ஒன்று என்று இவர்கள் வாக்களித்து உறையை ஒட்டினார்கள். ஆரிகனிலிருந்து வாஷிங்டனுக்கு இரண்டு உறைகள் போயின. ஃப்ளோரிடாவிலிருந்து கடைசியில் மூன்று போயின: பழைய ஆளுநர் கையெழுத்திட்டது ஒன்று, மாநில அட்டர்னி ஜெனரல் கையெழுத்திட்டது ஒன்று, ஜனவரியில் பதவியேற்ற புதிய ஆளுநர் கையெழுத்திட்டது ஒன்று.

எண்ணப்படும் என்றால் யாரால்?

இனி வழக்கின் மையத்துக்கு வருவோம். உறைகள் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று 1804இல் நிறைவேறிய 12ஆவது திருத்தம் சொல்கிறது. செனட்டின் தலைவர், இரு அவைகளின் முன்னிலையில், எல்லாச் சான்றிதழ்களையும் திறப்பார். அதன் பின் வாக்குகள் எண்ணப்படும். அவ்வளவுதான். முதல் பாதியில் எழுவாய் இருக்கிறது: திறப்பவர் செனட்டின் தலைவர். இரண்டாம் பாதியில் செயப்பாட்டு வினை வந்து எழுவாயை விழுங்கிவிட்டது. எண்ணப்படும், சரி, யாரால்? ஒரு மாநிலத்திலிருந்து இரண்டு உறை வந்தால் எது உண்மையான உறை என்று யார் சொல்வது? பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் செயப்பாட்டு வினையில் ‘ஆல்’ உருபை விட்டுவிட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பார். இங்கே அந்த ஓர் உருபு இல்லாததால் ஒரு நாடு இரண்டாம் உள்நாட்டுப் போரின் விளிம்பு வரை போனது.

எழுவாயாக யாரை நிறுத்துகிறோமோ அவரைப் பொறுத்து அதிபர் மாறுவார் என்பதுதான் சிக்கலின் அழகு. செனட்டின் தலைவரே எண்ணுவார் என்று வைத்தால்: துணை அதிபர் ஹென்றி வில்சன் முந்தைய ஆண்டே இறந்துவிட்டதால், அந்த நாற்காலியில் மிச்சிகனைச் சேர்ந்த தாமஸ் ஃபெரி இருந்தார். குடியரசுக் கட்சிக்காரர். அவர் ஹேய்ஸின் உறைகளை எடுப்பார், ஹேய்ஸ் அதிபர். இரு அவைகளும் சேர்ந்து எண்ண வேண்டும், ஓர் அவை மறுத்தாலும் அந்த வாக்கு செல்லாது என்று வைத்தால்: பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. அது தகராறான உறைகளைத் தள்ளும், யாருக்கும் பெரும்பான்மை இல்லாமல் போகும், அப்போது அரசமைப்புச் சட்டப்படி பிரதிநிதிகள் சபையே அதிபரைத் தேர்ந்தெடுக்கும், டில்டன் அதிபர். ஓர் அவை மறுத்தாலே வாக்கைத் தள்ளலாம் என்ற விதி 1865 முதல் உண்மையிலேயே நடைமுறையில் இருந்தது. போரின் கடைசி மாதங்களில், தென் மாநிலங்களின் வாக்குகளைத் தள்ளக் குடியரசுக் கட்சியே கொண்டுவந்த விதி. பிரதிநிதிகள் சபை எதிர்க்கட்சியிடம் போன பிறகு, 1876 தொடக்கத்தில், செனட் அதைத் தொடர மறுத்துவிட்டது. விதி இருந்த இடத்தில் வெற்றிடம்.

‘டில்டன் அல்லது ரத்தம்’ என்று தெருவில் கோஷம் கேட்டது. பதவியிலிருந்த அதிபர் கிராண்ட் தலைநகரில் ராணுவத்தைப் பலப்படுத்தினார். டில்டன் என்ன செய்தார்? அவர் பெரிய வழக்கறிஞர். முந்தைய தேர்தல்களில் தேர்வாளர் வாக்கு எப்படியெல்லாம் எண்ணப்பட்டது என்ற வரலாற்றைத் தொகுப்பதில் ஒரு மாதத்துக்கு மேல் மூழ்கிக் கிடந்தார். எதிரணி மாநிலத் தலைநகரங்களில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

பதினைந்து பேர்

இரு அவைகளும் சேர்ந்து ஒரு வழி கண்டன. 1877 ஜனவரி 29 அன்று கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தின்படி ஒரு தேர்தல் ஆணையம்: ஐந்து செனட்டர்கள், ஐந்து பிரதிநிதிகள், ஐந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகள். அதன் முடிவை மாற்ற இரு அவைகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அரசியல்வாதிகள் பத்துப் பேரில் கட்சிக்கு ஐந்து. நீதிபதிகளில் நால்வர் கட்சிக்கு இரண்டாகச் சட்டத்திலேயே குறிக்கப்பட்டார்கள். ஐந்தாமவரை அந்த நால்வர் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை: இலினாய்யைச் சேர்ந்த டேவிட் டேவிஸ். லிங்கனின் நண்பர், ஆனால் எந்தக் கட்சியிலும் நிலைகொள்ளாதவர். அந்த நம்பிக்கையில்தான் ஜனநாயகக் கட்சியினர் இந்தச் சட்டத்தைக் குடியரசுக் கட்சியினரைவிட உற்சாகமாக ஆதரித்தார்கள். நீதிபதியைக் குலுக்கல் போட்டு எடுக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. அதிபர் பதவியை இழந்தாலும் இழப்பேன், குலுக்கலில் விட மாட்டேன் என்று டில்டன் மறுத்ததாகச் சொல்வார்கள்.

சட்டம் நிறைவேறிக்கொண்டிருந்த அதே நாட்களில், ஜனவரி 25 அன்று, இலினாய் சட்டமன்றம் டேவிட் டேவிஸை அமெரிக்க செனட்டராகத் தேர்ந்தெடுத்துவிட்டது. அதற்குக் கைகொடுத்தவர்கள் அங்கிருந்த ஜனநாயகக் கட்சியினர். தம்மை வாழவைக்க வேண்டியவரைத் தாமே மேளதாளத்தோடு வழியனுப்பினார்கள். டேவிஸ் ஆணையத்தில் அமர மறுத்தார். மிஞ்சியிருந்த நீதிபதிகள் எல்லாரும் குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள்; அவர்களில் மிதமானவர் என்று ஜோசப் பிராட்லி எடுக்கப்பட்டார். நாட்டின் தலைமைப் பதவி ஒரு மனிதரின் கையில் வந்து நின்றது.

பிப்ரவரி 1 அன்று இரு அவைகளும் கூடின. ஆங்கில அகரவரிசைப்படி அலபாமாவில் தொடங்கி ஃப்ளோரிடா வந்ததும் எண்ணிக்கை நின்றது. மூன்று உறைகளும் ஆணையத்துக்குப் போயின. வழக்கு ஒரே கேள்வியில் சுருங்கியது: சான்றிதழுக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாமா? வாரியம் வாக்குகளைத் தள்ளியது சரியா, மோசடியா என்று ஆணையம் சாட்சி கேட்கலாமா? டில்டன் தரப்பு கேட்க வேண்டும் என்றது. ஹேய்ஸ் தரப்பின் வழக்கறிஞர் வில்லியம் எவர்ட்ஸ் வேறு வாதம் வைத்தார்: தேர்வாளர்களை நியமிப்பது மாநிலத்தின் உரிமை, மாநிலச் சட்டம் யாரிடம் எண்ணும் பொறுப்பை விட்டதோ அவர்கள் சொன்னது மாநிலத்தின் சொல், தேர்வாளர்கள் வாக்களித்த டிசம்பர் 6க்குப் பிறகு அதை யாரும் திருத்த முடியாது, மாநிலமே நினைத்தாலும். பின்னால் போகத் தொடங்கினால் ஒவ்வொரு மாநிலத்தின் ஒவ்வொரு வாக்குச் சாவடியையும், புதிய அதிபர் பதவியேற்க வேண்டிய மார்ச் 4க்குள் விசாரிக்க வேண்டிவரும்.

இந்த வாதம் பொருட்படுத்தத் தக்கதுதான். இன்றைக்கும் அதற்கு முழுமையான பதில் எளிதல்ல. கசப்பு எங்கே என்றால், இவ்வளவு காலமும் தெற்கில் மத்திய அரசின் தலையீட்டை ஆதரித்த கட்சி மாநில உரிமை பேசியது. மாநில உரிமைக்காகப் போர் வரை போனவர்களின் கட்சி, மத்திய ஆணையம் மாநிலத்துக்குள் புகுந்து தோண்ட வேண்டும் என்றது. கொள்கைகள் ஒரே இரவில் வீடு மாறிக்கொண்டன.

பிராட்லி எவர்ட்ஸின் பக்கம் நின்றார். எட்டுக்கு ஏழு, ஃப்ளோரிடா ஹேய்ஸுக்கு. பிப்ரவரி 16இல் லூசியானா, எட்டுக்கு ஏழு. 23இல் ஆரிகன், எட்டுக்கு ஏழு. 27இல் தென் கரோலினா, எட்டுக்கு ஏழு. ஆரிகனில் ஆளுநரின் சான்றிதழ் க்ரோனினிடம் அல்லவா இருந்தது? அங்கே மட்டும் சான்றிதழுக்குப் பின்னால் போனார்களே என்று ஜனநாயகக் கட்சியினர் கொதித்தார்கள். ஆணையத்தின் பதில்: வாக்கை எண்ணி முடிவு சொல்லும் பொறுப்பு ஆரிகன் சட்டப்படி மாநிலச் செயலருக்கு, அவர் கணக்கில் வாட்ஸ் ஜெயித்தவர், ஆளுநரின் கையெழுத்து அதற்குச் சாட்சிதானே தவிர, முடிவு அல்ல. தர்க்கம் இடிக்கவில்லை. ஆனால் நான்கு முறையும் தர்க்கம் ஒரே கட்சியின் வாசலில் வந்து நின்றதை யாரும் தற்செயல் என்று நம்பத் தயாராக இல்லை. ஃப்ளோரிடா தீர்ப்புக்கு முந்தைய இரவில் பிராட்லியின் வீட்டுக்கு யார் யாரோ வந்துபோனதாகவும், அவர் முதலில் டில்டனுக்குச் சாதகமாக எழுதி வைத்திருந்ததாகவும் கதை பரவியது. பிராட்லி மறுத்தார். இரு பக்க வாதங்களையும் மாறி மாறி எழுதிப் பார்த்தது உண்மை, முடிவை யாரும் மாற்றவில்லை என்றார்.

மறுபக்கமும் வெள்ளை வேட்டிக்காரர்கள் அல்லர். 1878இல் ஜனநாயகக் கட்சியினரே ஒரு விசாரணைக் குழுவைக் கிளப்ப, நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழ் அவர்களுடைய சங்கேதத் தந்திகளை உடைத்துப் படித்து வெளியிட்டது. டில்டனோடு அதே வீட்டில் குடியிருந்த அவருடைய சகோதரியின் மகன் வில்லியம் பெல்ட்டன், தென் மாநிலங்களில் வாரியங்களை விலைக்கு வாங்கப் பேரம் பேசியது அம்பலமானது. தனக்குத் தெரியாது என்றார் டில்டன். வாரியம் விலைக்குக் கிடைக்கும் என்று இரு தரப்பும் நம்பின. ஒரு தரப்பு வாங்க முடியாமல் போனது.

விடியற்காலை நான்கு மணி

தீர்ப்பு வந்தும் எண்ணிக்கை முடியவில்லை. பிரதிநிதிகள் சபையில் ஒரு பிரிவினர் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆட்சேபம் எழுப்பி நேரத்தைக் கடத்தினார்கள். மார்ச் 4 தாண்டினால் அதிபரே இல்லை. சபாநாயகர் சாமுவேல் ராண்டால் அதே கட்சிக்காரர்; ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் இழுத்தடிப்புத் தீர்மானங்களை ஏற்க மறுத்தார். மேசை மேல் ஏறிக் கத்தும் நிலைக்குச் சபை போனது. இதற்கிடையே பிப்ரவரி 26 அன்று வாஷிங்டனின் வார்ம்லி ஹோட்டலில் ஹேய்ஸின் ஒஹையோ நண்பர்களும் லூசியானாவின் ஜனநாயகக் கட்சியினரும் சந்தித்துப் பேசினார்கள். எண்ணிக்கையைத் தடுக்காதீர்கள், தெற்கில் ராணுவத்தின் கை விலகும் என்பது பேச்சின் சாரம். எல்லாமே அந்த அறையில் முடிவானது என்று சொல்வது மிகை; ஹேய்ஸ் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஹோட்டலின் உரிமையாளர் ஜேம்ஸ் வார்ம்லி ஒரு கறுப்பினத்தவர் என்பதை எழுதாமல் தாண்ட முடியவில்லை.

மார்ச் 2, விடியற்காலை நான்கு மணி தாண்டி. கடைசி மாநிலம் விஸ்கான்சின் எண்ணப்பட்டது. தாமஸ் ஃபெரி அறிவித்தார்: ஹேய்ஸ் 185, டில்டன் 184. ஹேய்ஸ் அப்போது தலைநகரை நோக்கி ரயிலில் வந்துகொண்டிருந்தார். பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் அருகே தந்தி எட்டியது. மார்ச் 4 ஞாயிற்றுக்கிழமை. அதனால் சனிக்கிழமை மாலையே வெள்ளை மாளிகையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முறை பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். திங்களன்று ஊரறிய இன்னொரு முறை. ஆணையத்தில் வாதாடிய எவர்ட்ஸ் வெளியுறவு அமைச்சரானார். ஆணையத்தில் வாக்களித்த ஜேம்ஸ் கார்ஃபீல்டு அடுத்த அதிபரானார். அவர் அதற்கு முன் லூசியானா வாரியத்தின் எண்ணிக்கையை நேரில் கண்காணிக்கக் கட்சி சார்பில் போனவர் என்பது அவரை நடுவராக அமர்த்தத் தடையாக இருக்கவில்லை.

விடுபட்ட எழுவாயை நிரப்ப அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் பத்தாண்டு ஆனது. 1887ஆம் ஆண்டின் தேர்வாளர் வாக்கு எண்ணிக்கைச் சட்டம், தகராறை மாநிலமே குறித்த நாளுக்குள் தீர்த்துக்கொண்டால் அது செல்லும் என்றது. இரண்டு உறை வந்து அவைகள் ஒத்துப்போகாவிட்டால் ஆளுநரின் கையெழுத்து உள்ளது செல்லும். ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியாத வாக்கியங்களால் ஆன சட்டம். 2000இல் ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் அதிபர் வேட்பாளர்கள் ஜார்ஜ் புஷ்ஷும் அல் கோரும் மோதியபோது, உச்ச நீதிமன்றம் மறுஎண்ணிக்கையை நிறுத்தியதற்கு அந்தச் சட்டத்தின் டிசம்பர் 12 என்ற கெடு ஒரு காரணம். அங்கும் பின்னால் போய்ப் பார்ப்பதா, எதுவரை பார்ப்பது என்ற அதே கேள்விதான். 2021 ஜனவரியில் சில செனட்டர்கள் 1877இன் ஆணையத்தை முன்மாதிரியாகக் காட்டி, அதுபோல் ஒன்றை அமைக்கக் கோரினார்கள். எண்ணும் அதிகாரம் துணை அதிபருக்கே உண்டு என்ற வாதமும் தூசு தட்டி எடுக்கப்பட்டது. துணை அதிபர் மைக் பென்ஸ் அந்த அதிகாரம் தனக்கு இல்லை என்றார். 2022 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் துணை அதிபரின் பங்கு வெறும் சடங்கு என்று எழுத்தில் போட்டது. ஆட்சேபம் எழுப்ப ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும் என்றது. 1887இல் வந்ததும் 2022இல் வந்ததும் சாதாரணச் சட்டங்கள். 12ஆவது திருத்தத்தில் ‘எண்ணப்படும்’ இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு பாக்கி இருக்கிறது. லூசியானாவில் அதே நவம்பர் 7 அன்று ஆளுநர் தேர்தலும் நடந்தது. குடியரசுக் கட்சியின் ஸ்டீவன் பேக்கர்டு, ஹேய்ஸை அதிபராக்கிய அதே வாரியத்தின் கணக்கை வைத்து ஆளுநர் பதவியைக் கோரினார். எதிரே ஜனநாயகக் கட்சியின் பிரான்சிஸ் நிக்கல்ஸ். 1877 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் இருவரும் தனித்தனியே ஆளுநராகப் பதவியேற்றார்கள். பேக்கர்டு இருந்த கட்டடத்தை ராணுவம் காத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் 24 அன்று ஹேய்ஸின் உத்தரவுப்படி சிப்பாய்கள் அங்கிருந்து விலகிப் பாசறைக்குத் திரும்பினார்கள், நிக்கல்ஸ் ஆளுநரானார். தென் கரோலினாவில் இரண்டு வாரத்துக்கு முன்பே இதே காட்சி முடிந்திருந்தது. வாரியத்தின் கணக்கு அதிபருக்குச் செல்லும், ஆளுநருக்குச் செல்லாது என்று எந்த ஆணையமும் தீர்ப்புச் சொல்லவில்லை. பேக்கர்டுக்கு மறு ஆண்டு லிவர்பூலில் அமெரிக்கக் கான்சல் வேலை கிடைத்தது.